செல்வின் நிரப்பாத கட்டம்

எங்கள் நாட்டில் பரீட்சை எழுதுவதற்கு முன்பே மதிப்பெண் வாங்கியாக வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஜூனில் எழுதப்போகும் பரீட்சையில் நீ என்ன வாங்குவாய் என்று உன் ஆசிரியர் ஜனவரியிலேயே கணித்து எழுத வேண்டும். அதைப் பார்த்துத்தான் பல்கலைக்கழகம் இடம் தருவதா வேண்டாமா என்று யோசிக்கும். பிள்ளை பிறப்பதற்கு முன்னே பேர் வைக்கிற கதை. பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு இதில் சங்கடமில்லை. அவர்களுக்குப் பள்ளி இருக்கிறது, பள்ளியில் ஆசிரியர் இருக்கிறார், அவரும் பெற்றோர் வாய்க்குப் பயந்து தாராளமாக ஒரு 'ஏ' போட்டுவிடுகிறார்.

எனக்கு முப்பத்தெட்டு வயது. பர்ன்லி என்ற ஊரில் ஒரு பந்தயக் கடையில், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து குதிரைமேல் பணம் கட்டுகிறவர்களுக்குச் சீட்டுக் கொடுக்கிறேன். உயிரியலைப் புத்தகம் வாங்கி நானே படித்தேன். ஆசிரியர் என்று எனக்கு ஒரு ஜீவனும் கிடையாது.

எனக்கு வேண்டியது ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலைக்கான படிப்பு. பதினாறு வருஷமாகத் தோற்ற முகங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், இனிமேல் எலும்பைப் பார்த்தால் போதும் என்று தோன்றிவிட்டது. மற்ற பாடங்களில் பள்ளியிலேயே தேறியிருக்கிறேன், பழசானாலும் செல்லும் என்று சொல்லிவிட்டார்கள். உயிரியலில் ஒரு 'பி' வாங்கினால் இடம் உண்டு. போன வருஷம் "கணித்த மதிப்பெண்" என்ற அந்த ஒரு கட்டம் காலியாக இருந்ததால் என் விண்ணப்பத்தைப் படிக்காமலே ஒதுக்கிவிட்டார்கள். இந்த வருஷமும் ஒதுக்கிவிட்டால் இந்தக் கண்ணாடியே கதி என்று ஆகிவிடும். கெடு, ஜனவரிக் கடைசிப் புதன்கிழமை மாலை ஆறு மணி.

நான் போன் செய்யாத இடமில்லை. நான் படித்த பள்ளி இப்போது கார்ப்பெட் கிடங்கு. பரீட்சை எழுத இடம் பிடித்திருந்த கல்லூரியில் ஒரு அம்மாள், "நாங்க மேசையும் நாற்காலியும்தாங்க தர்றோம். கணிக்கிறதெல்லாம் எங்க வேலை இல்ல" என்றாள். தனியாகச் சொல்லித்தருகிற ஒருவர், எட்டு மாதம் தன்னிடம் படித்தால்தான் கணிப்பாராம். என் அண்ணி டெபோரா உயிரியல் ஆசிரியையேதான். ஆனால் சொந்தக்காரர் எழுதக்கூடாது என்று விதி. கடைசியாகப் பல்கலைக்கழகத்துக்கே போட்டேன்.

"உங்க பள்ளியில கேளுங்க," என்றான் போனில் ஒரு இளைஞன்.

"எனக்குப் பள்ளியே இல்லப்பா. அதுக்குத்தான் உங்களைக் கேக்கறேன்."

"புரியுதுங்க. அப்ப பள்ளிக்கு ஒரு மெயில் போட்டுப் பாருங்களேன்."

கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்பார்களே, அது எனக்காகவே சொன்னது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் செல்வின் என்ட்விசில், எங்கள் கடை முதலாளி. அறுபத்து மூன்று வயது. யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. மழை நின்றால்கூட "பரவாயில்ல" என்பதோடு சரி. விண்ணப்பத்துக்குச் சான்றுரை எழுத, வேலை கொடுப்பவர் என்ற முறையில் அவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தார்.

"சரி, வாத்தியாருங்க கணிச்சுத் தர்றாங்க. தப்பாப் போனா யார் கைக்காசு போகும்?" என்று கேட்டார்.

"யாருக்கும் போகாது."

"அப்ப அது கணிப்பில்ல ஜனீன், வெட்டிப்பேச்சு." டீயை ஒரு வாய் குடித்தார். "நான் முப்பத்தஞ்சு வருஷமா குதிரையைக் கணிக்கிறேன். தப்பினா என் காசுதான் போகும். மிச்சம் வச்சிருக்கிற கேள்வித்தாள் ஏதாவது இருக்கா?"

மூன்று இருந்தன. மே மாதத்துக்கென்று பிரிக்காமல் வைத்திருந்த பழைய பரீட்சைத் தாள்கள். தரமாட்டேன் என்றேன். ஓடிக் காட்டாத குதிரைக்கு விலை போட முடியாது என்றார். எங்கள் தொழிலில் விலை என்றால், இத்தனையில் ஒரு வாய்ப்பு என்று கணித்து எழுதுவது. வெள்ளி, சனி, திங்கள், மூன்று நாளும் கடை திறப்பதற்கு முன் பின்னறையில் என்னை உட்காரவைத்தார். எதிரே கடிகாரத்தோடு அவரும் உட்கார்ந்தார்.

திருத்தியதும் அவர்தான். உயிரியல் என்றால் வீசை என்ன விலை என்று கேட்கிற மனிதர். ஆனால் விடைக் குறிப்பு அச்சடித்து இருக்கிறதே, அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக ஒப்பிட்டார்.

"நீர் உள்ளே போகும்னு எழுதியிருக்க. இங்க 'சவ்வூடு பரவலால்'னு இருக்கு. கிடையாது."

"அது எனக்குத் தெரியும் செல்வின். அதுக்கு மேல் வரியிலயே எழுதியிருக்கேனே."

"மேல் வரிக்கு மேல் வரியில மார்க் குடுத்தாச்சு. குதிரை மூக்கு கோட்டைத் தொடணும். தொட்ட மாதிரி இருந்துச்சுன்னா சீட்டுக்குப் பணம் குடுப்பியா?"

அரை மார்க்கை அவரிடமிருந்து பிடுங்குவதற்குள் என் உயிர் போய்விட்டது. நானே திருத்தியபோதெல்லாம் 'ஏ' வாங்கிக்கொண்டிருந்தவள் நான். அவர் கையில் முதல் தாளுக்கு 'சி' வந்தது. அடுத்த இரண்டுக்கும் 'பி'.

"அந்த சி-யை விட்டுடுங்க," என்றேன். "அன்னிக்கு எனக்குத் தலைவலி."

"தோத்த பந்தயத்தைக் கணக்குல சேக்காம விலை போடறவன் திருடன்," என்றார். அதற்கு மேல் பேச்சில்லை.

கூட இருந்தே குழி பறிக்கிறாரே என்று எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஆனால் வேறு நாதியில்லை. புதன்கிழமை மாலை ஐந்தரைக்கு, ஒற்றை விரலால் தட்டித் தட்டி, அந்தக் கட்டமும் இருக்கிற சான்றுரைப் பக்கத்தை அனுப்பினார். நம்மைப் பற்றி எழுதியதை நாம் பார்க்க முடியாது என்பது இன்னொரு அழகான ஏற்பாடு.

"அந்தக் கட்டத்துல என்ன போட்டீங்க?" என்று கேட்டேன்.

"எதுவும் போடல. ஆசிரியர் போடணும்னு இருக்கு. நான் ஆசிரியர் இல்லையே."

மூன்று கேள்வித்தாள் போயிற்று, ஒரு 'சி' வந்தது, கட்டம் போன வருஷம் போலவே காலி. கத்தினேன். கத்தினதில் வாடிக்கைக் கிழவர் வில்ஃப், பந்தயச் சீட்டைக் கீழே போட்டுவிட்டார்.

"என்ன கண்ணு, எந்தக் குதிரை விழுந்துச்சு?" என்றார்.

"நான்தான் விழுந்தேன்," என்றேன்.

மூன்று வாரம் செல்வினோடு வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும்தான். அவர் நீட்டின பிஸ்கட்டைக்கூட வாங்கவில்லை. அவரும் விளக்கம் சொல்லவில்லை, கெஞ்சவுமில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை போன் வந்தது. பல்கலைக்கழகத்தில் சேர்க்கையைப் பார்க்கிற டாக்டர் ஆர்மரோட் என்ற பெண்மணி.

"உங்க சான்றுரையை எழுதினவர் பந்தயக் கடைக்காரரா?"

"ஆமாங்க," என்றேன்.

"ஒரு பகுதி படிக்கிறேன், கேளுங்க. 'கட்டத்தை நிரப்ப எனக்கு உரிமை இல்லை. என்னால் முடிந்தது, மூன்று தாளை என் கண் முன்னே எழுதவைத்து, தப்பினால் என் காசு போகும் என்கிற மாதிரி திருத்தியது. ஒரு சி, இரண்டு பி. செய்த தப்பை மறுபடி செய்யவில்லை. ஜூனில் பி-க்குக் கீழே போக ஆறில் ஒரு வாய்ப்பு இருக்கிறது.'" படித்து முடித்துவிட்டுச் சொன்னாள். "இந்த வருஷம் எங்கிட்ட நானூறு விண்ணப்பம் வந்திருக்கு. எல்லாத்துலயும் ஏ. கணிப்பு எப்படி வந்துச்சுன்னு எழுதினவர் இவர் ஒருத்தர்தான். இடம் தர்றோம். பி மட்டும் வாங்கிடுங்க."

போனை வைத்தேன். பிறகு கடைக்குள் போனேன். செல்வின் இரண்டரை மணிப் பந்தயத்துக்கு விலை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடம் குடுத்துட்டாங்க."

"பரவாயில்ல," என்றார், தலையைத் தூக்காமல்.

"ஆறுல ஒண்ணுன்னு எழுதினீங்களாமே. அவ்வளவு மோசமாவா தோத்துடுவேன்?"

"ஆறுல ஒண்ணுங்கறது வெளிய பலகையில எழுதற விலை."

"அப்ப உங்க மனசுல என்ன விலை?"

பேனாவை மூடினார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி வில்ஃப் இருக்கிற பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"இருபதுல ஒண்ணு."

"இருபதா? பின்ன எதுக்கு ஆறுன்னு எழுதித் தொலைச்சீங்க? என் உயிரே அதுல தொங்கிட்டிருந்துச்சே."

"பதினாறு வருஷமா இங்க இருக்க," என்றார், என்னைவிட அதிக எரிச்சலோடு. "கடைக்கு நஷ்டம் வராத மாதிரி கொஞ்சம் கூட்டி வைக்காம எந்தப் பந்தயக் கடைக்காரன் விலை எழுதுவான்?"

அந்த மனிதரை அடிப்பதா, கட்டிக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. நான் தோற்க இருபதில் ஒரு வாய்ப்புத்தான் என்று என் அம்மாகூடச் சொல்லியிருக்கமாட்டாள். பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

"பின்னறை காலியாத்தான் இருக்கு," என்றார் செல்வின். "போய்ப் படி. இருபதுல அந்த ஒண்ணு இன்னும் அப்படியே இருக்கு."