பாய் சொன்ன மருந்து

மனைவி நந்தினி போன பிறகு எட்டு மாதம் அந்த லேப்டாப் பீரோவில் அவளுடைய புடவைகளுக்கு நடுவிலேயே கிடந்தது. காசிநாதன் தொடவில்லை. இருவருக்கும் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில் வேலை. அவளுக்குக் கம்ப்யூட்டரில் ஷூவின் அளவுகளை வரைவது, அவனுக்கு ஃபினிஷிங். புதிதாகச் சேர்ந்த பெண்களுக்காக அவள் ஒருநாள் வீட்டில் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்த வேலைப்பாடம் ஒன்று அந்த லேப்டாப்புக்குள் இருந்தது. காய்ச்சல் பத்தே நாளில் அவளைக் கொண்டுபோய்விட்டது. அவள் குரல் என்று மிஞ்சியது அது ஒன்றுதான். வேறெங்கும் பிரதி இல்லை.

அவளுடைய பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று துணிந்து லேப்டாப்பை எடுத்தான். திரையில் தூசி படிந்து பிசுக்கேறியிருந்தது. பஜாரில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் நயீம் அகமதுவுக்குப் போன் செய்தான்.

"பாய், ஸ்கிரீன் துடைக்கணும். ஈரத்துணி போடலாமா?"

"ஐயோ, தண்ணியே வேணாம்ணே! ஆஃப்ல வெச்சி, மருந்து இருந்தா துணில தொட்டு லேசா துடைங்க."

பதினாறு வருடம் ஷூவில் வழிந்த பசையைத் துடைத்தவனுக்கு மருந்து என்றால் ஒன்றுதான், பசையைக் கரைக்கும் தின்னர். சொந்தச் செருப்புக்கென்று அதில் கொஞ்சம் வீட்டில் வைத்திருந்தான். தோலைத் துடைப்பதுபோலவே, அழுத்தாமல், வட்ட வட்டமாகத் துடைத்தான். பிசுக்கு போனது. பெருமையாகக்கூட இருந்தது.

ஈரம் காய்ந்ததும் திரை சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்தது. சார்ஜரைச் சொருகி ஆன் செய்தான். வெள்ளைக்குப் பின்னால் வெளிச்சம் வந்தது. ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை.

குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனான்.

நயீம் திரையை முகர்ந்து பார்த்தார். "இன்னாண்ணே போட்டீங்க?"

"மருந்துதான். ஃபினிஷிங்ல போடுவோமே."

"அட அல்லா! நான் சொன்னது ஸ்கிரீன் துடைக்கிற மருந்து. இது லேப்டாப்புண்ணே, பூட்ஸ் இல்ல!" சிரிக்க வாயெடுத்தவர், எதிரில் நின்றவனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அவ பேசுனது உள்ள இருக்குது பாய். அதயும் துடைச்சிட்டனா?"

"குரல் ஸ்கிரீன்லயா இருக்கும்? உக்காருங்க." கடையிலிருந்த வேறொரு திரையை வயரால் லேப்டாப்போடு இணைத்தார். "மொதல்ல பென்டிரைவ்ல ஏத்திடறேன். இத்தப் போய் ஒரே எடத்துல வைப்பாங்களா? மாசத்துக்கு ஒருவாட்டி சார்ஜும் போடுங்க. சும்மா மூடி வெச்சா பேட்டரி செத்துடும்."

அவன் தலையாட்டினான். காதில் விழுந்ததா தெரியாது. நயீம் பதிவை ஓடவிட்டார்.

"முப்பத்தெட்டாம் நம்பர் ஷூவுக்குத் தையலுக்கு ரெண்டு எம்எம் வுட்டு வரையணும்மா. கம்மியா வுட்டா பிரிஞ்சிக்கும்..."

தொண்டை கரகரப்பு, மூச்சு, எல்லாம் அவளேதான். சட்டென்று குரல் உயர்ந்தது. "இன்னாங்க! பால் பொங்குது பாருங்க!"

"தோ வந்துட்டேன்," என்று காசிநாதன் ஸ்டூலை விட்டு எழுந்து இரண்டடி வைத்துவிட்டான். அங்கேயே நின்றான்.

நயீம் தலை நிமிரவில்லை. "நிறுத்தட்டாண்ணே?"

"வேணாம். ஓடட்டும்."

அவள் முப்பத்தொன்பதாம் நம்பருக்குப் போயிருந்தாள். நாற்பத்தொன்று முடியும்வரை அவன் உட்காரவில்லை.