தலைவர் வாங்கிப் போன சாவி

என் தம்பியைப் பற்றி நான் பெருமையடித்துக்கொள்ளத்தான் போகிறேன். பிடிக்காதவர்கள் காதைப் பொத்திக்கொள்ளலாம்.

அவன் பூட்டு ரிப்பேர் செய்பவன். எங்கள் கடைத்தெருவில் அவன் கை படாத ஷட்டர் கிடையாது. எல்லாரும் ஆளுக்கொரு மாற்றுச் சாவியை அவனிடம் கொடுத்து வைத்திருந்தார்கள். ஏணியிலிருந்து விழுந்து முதுகு போனபோது, டாக்டர் அபின் வகை வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். வலி விட்டது, மாத்திரை விடவில்லை. ஊரில் பல வீடுகளில் இதே கதைதான். வெளியே சொல்லத்தான் ஆளில்லை. அவன் பட்ட பாடு எனக்கும் என் இஸ்திரிக் கடையின் பின்னறைக்கும் தெரியும்.

இப்போது அந்த வெறியை அடக்க, தினமும் காலையில் தெருமுனை மருந்துக் கடையில் ஒரு சிரப் குடிக்கிறான். மருந்துக்கார அம்மா கண்ணெதிரே குடிக்க வேண்டும். குடித்ததும் ஏதாவது பேசிக் காட்ட வேண்டும். வாயில் அடக்கிக்கொண்டு போய் விற்றுவிடக் கூடாதல்லவா? இவன் என்னைக் கிண்டலடித்துத்தான் பேசிக் காட்டுவான்.

"எங்கக்கா திட்ட ஆரம்பிச்சா இஸ்திரிப் பெட்டிக்குக் கரண்டே வேண்டாம்மா!"

இந்த நிலையில் வியாபாரிகள் சங்கத் தலைவர் கூட்டம் போட்டார். செருப்புக் கடைக்காரர்.

"கண்ட போதைக் கேசெல்லாம் நம்ம தெருவுக்கு வருது. நாளைக்கு ஷட்டரை உடைச்சா யாரு பொறுப்பு? சிரப் குடுக்கிறதை நிறுத்தச் சொல்லுவோம். சரிங்கிறவங்க கை தூக்குங்க."

மளமளவென்று கைகள் எழுந்தன. மருந்து நின்றால் தம்பி பழைய மாத்திரைக்கே போய்விடுவான். வாயைத் திறந்தாலோ பிழைப்பில் மண். போதைக்காரனை நம்பி யார் பூட்டைக் கொடுப்பார்கள்? பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி எழுந்தான். சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"விடுக்கா. தலைவரே, நானும் அங்கதான் குடிக்கிறேன்."

அவன் சாவிக் கொத்தை மேசைமேல் வைத்தான்.

"உங்க எல்லார் சாவியும் இதுல இருக்கு. மாத்திரைக்காக நாயா அலைஞ்சப்பவும் என்கிட்டதான் இருந்துச்சு. ஒரு கடையைத் தொறந்திருக்கேனா? பயமா இருந்தா எடுத்துக்கங்க. மருந்தை மட்டும் நிறுத்தாதீங்க. நின்னா செத்துருவேன்."

தலைவர் வந்து தன் சாவியைக் கழற்றிக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் கடைச் செருப்பையே எடுத்திருப்பேன். அதற்குள் தையல் கடைக்காரி எழுந்து, கொத்தை அவன் பக்கம் தள்ளினாள்.

"என் சாவி உன்கிட்டயே இருக்கட்டும்பா. என் பெரியவனும் அந்த மாத்திரைதான் போடறான். நாளைக்கு அவனையும் அங்க கூட்டிட்டுப் போறியா?"

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசியில், சாவியோடு மறுபடி தூக்கிய தலைவர் கை மட்டும் தனியே நின்றது. மருந்து நிற்கவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலையில் நானும் மருந்துக் கடையில் இருந்தேன். வேர்க்க விறுவிறுக்கத் தலைவர் வந்தார். மனுஷர் தன் சாவியையும் தம்பியிடம் வாங்கிப் போன சாவியையும் ஒரே வளையத்தில் கோத்துக் கடைக்குள் கல்லாமேல் வைத்துவிட்டு, முந்தின ராத்திரி வெளியே வந்து, சாவியில்லாமலே பூட்டிக்கொள்ளும் பூட்டை அமுக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

"தம்பி, கடை பூட்டிக்கிச்சுப்பா... கொஞ்சம் வர்றியா?"

நாலு கேள்வி நறுக்கென்று கேட்க என் நாக்கு துடித்தது. தம்பி சிரப்பை விழுங்கினான். இவன் பேசிக் காட்டட்டும் என்று மருந்துக்கார அம்மா காத்திருந்தார்.

"வாங்க தலைவரே, தொறந்துடலாம்," என்றான் என் தம்பி.