ஒத்திகையில் எடுத்த உறுதிமொழி

நாளை தலைநகர் பிஷ்கெக்கில் உள்ள மண்டபத்தில் அதிபர் பதவியேற்பு. விளக்கு சரிபார்க்க, மேடைத் தச்சன் ஜூமபெக்கை அதிபர் நிற்கும் இடத்தில் நிறுத்தினார்கள். அவன் அரசியல் சாசனப் புத்தகத்தின்மேல் கைவைத்து, பக்கத்துத் தாளிலிருந்த உறுதிமொழியை முழுசாகப் படித்துவிட்டான். சபாநாயகர் இடத்தில் நிறுத்தியிருந்த இன்னொரு தச்சன் கைதட்டினான்.

பாதுகாப்பு அதிகாரி தைர்பெக் பாய்ந்து வந்தார்.

"யாருடா படிக்கச் சொன்னது? உனக்குப் பின்னாடி எந்தக் கட்சி?"

"கட்சியெல்லாம் இல்லீங்கய்யா. சும்மா நிக்க ஒரு மாதிரியா இருந்துச்சு."

"சபாநாயகர் இடத்துல நிக்கிறவன் ஏன் கைதட்டினான்?"

"அவன் என் மச்சானுங்க."

அதிகாரிக்கு அதுவே சதியாகப் பட்டது. ஜூமபெக்கின் நுழைவு அட்டையைப் பிடுங்கினார். அது போனால் வேலையும் போச்சு.

"விளையாட்டுக்குத்தான் படிச்சேன்னு இது மேல சத்தியம் பண்ணு" என்று அதே புத்தகத்தை நீட்டினார்.

ஜூமபெக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வேணாங்கய்யா. மறுபடி கைவெச்சா அதுக்கும் யார் சொன்னான்னு கேப்பீங்க."

இந்த முறை சொன்னது தானேதான் என்று தைர்பெக்குக்கு உறைத்தது. அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, புத்தகத்தைப் பூட்டிவைக்கச் சொன்னார்.