தவிட்டுக் கஞ்சி

என் புருஷன் மாரிமுத்துவுக்கு முழங்காலுக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் போனது. அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கையே தின்றுகொண்டிருந்த, மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலம். எங்கள் ரப்பர் தோட்டத்தில் பாதி ஆம்பளைகளுக்கு இதே நோய்.

ரஹாங் ஊரிலிருந்து ஒரு ஜப்பான் டாக்டர் வந்தான். சின்னச் சுத்தியலால் ஒவ்வொருவர் முழங்காலிலும் தட்டினான். உதைக்காத கால்காரர்களுக்குத் தினமும் தவிட்டுக் கஞ்சி கொடுக்கச் சொன்னான்.

"நரம்புக்கு நல்லது, பஞ்சாலை. நம்பிக் குடிக்கச் சொல்லு லா," என்று என்னிடம் சொன்னார் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் எட்மண்ட்.

"தவிடு மாட்டுக்கு வைக்கிறது. வேல வாங்காம எவன் மாட்டுக்குத் தவிடு வைப்பான்? இங்க பால்வெட்டே நின்னு போச்சு. எங்க கொண்டுபோய்ப் பூட்டப் போறான்?" என்று கேட்டேன்.

டிரசர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அது போதும். என் புருஷன் பங்குக் கஞ்சியைக் கோழிக்கு ஊற்றினேன்.

"புருஷன நொண்டியாவே வச்சுக்கப் போறியா?" என்று பக்கத்து வீட்டு மயிலம்மாள் சிரித்தாள். அவள் புருஷன் சடையன் சட்டியை வழித்துக் குடித்தான். சீக்கிரமே எழுந்து நடந்தான்.

டாக்டர் மறுபடியும் வந்து தட்டினான். சடையன் கால் துள்ளி உதைத்தது. டாக்டர் கைதட்டினான். மாரிமுத்துவின் கால் கட்டையாகத் தொங்கியது.

உதைத்த கால்காரர்களையெல்லாம் போனவர்கள் திரும்பாத சயாம் காட்டில் ரயில் ரோடு போட அன்றைக்கே லாரியில் ஏற்றினார்கள்.

என் புருஷனை நான் முதுகில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சடையன் யார் கையையும் பிடிக்காமல் தானே லாரியில் ஏறினான்.