மோரிஸ் காரின் நீர்ப்பெட்டி

பல்லாவரத்து மலையில் கல் உடைக்கும் வேட்டு வெடித்த சத்தம் கேட்டதும் பியூலா கார்க் கண்ணாடியை அவசரமாகச் சுற்றி ஏற்றினாள். அந்தப் பழைய மோரிஸின் இடப்பக்கக் கண்ணாடி முக்கால் உயரம் வந்து நின்றுவிடும். மிச்சமிருந்த நாலு விரல் சந்து போதுமானதாக இருந்தது. முன்னால் போன ஜல்லி லாரியின் புழுதியும் மலையிலிருந்து இறங்கிய கல்தூளும் அதன் வழியாக வந்து அவள் மடியில், புத்தகப் பையில், கண் இமையில் வெள்ளையாகப் படிந்தன. முந்தானையை மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டாள். குரோம்பேட்டை தாண்டுவதற்குள் இழுப்பு தொடங்கிவிட்டது. தேவானந்தம் காரை ஓரம் கட்டி, அவள் கைப்பையைத் துழாவி, நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையை எடுத்துக் கொடுத்தான். அவள் இரண்டு கைகளையும் முன்னால் ஊன்றி, தோள்கள் காது வரை ஏறக் குனிந்து காற்றைத் தேடினாள். உள்ளே போகும் மூச்சில் ஒரு விசில், வெளியே வரும் மூச்சில் நீண்ட கீச்சு, பத்துப் பன்னிரண்டு மூச்சுக்கு ஒரு தரம் மூன்று வறட்டு இருமல். பன்னிரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் அவன் அதிகம் கேட்ட சத்தம் அதுதான்.

அது 1968 ஜூலை. பள்ளிக்கூடம் திறந்து ஒன்றரை மாதத்துக்குள் ஐந்து முறை இப்படி ஆகிவிட்டது. டீச்சர் வேலையை விட்டுவிடுகிறேன் என்று அவள் சொல்லத் தொடங்கியிருந்தாள். சொல்லும்போதெல்லாம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். தேவானந்தம் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் டெமான்ஸ்ட்ரேட்டர். கல்லூரி நூலகத்தில் ஒரு பழைய அமெரிக்கப் பத்திரிகையில் அவன் ஒரு படம் பார்த்திருந்தான். பாலைவனத்தில் கார் ஓட்டுகிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே பீப்பாய் போன்ற ஒரு தகரப் பெட்டியைத் தொங்கவிடுகிறார்கள். வண்டி ஓடும்போது முன்வாய் வழியாகக் காற்று நுழைந்து, உள்ளே நனைந்திருக்கும் நாரில் புகுந்து, தூசியை எல்லாம் தண்ணீரில் விட்டுவிட்டு, ஜன்னல் பக்கத்துச் சந்து வழியாகக் குளிர்ந்து வருகிறது. சென்னைக் காற்றில் ஈரம் ஏற்கெனவே அதிகம், பெரிதாகக் குளிராது என்று அவனுக்குத் தெரியும். குளிர்ச்சியைப் பற்றி அவன் கவலைப்படவில்லை. ஒரு ஆளுக்குப் போதுமான சுத்தமான காற்று கிடைத்தால் சரி.

பம்மலில் தோல் பதனிடும் ஷெட்டுகளுக்குப் பின்னால் ரங்கன் தகரப் பட்டறை வைத்திருந்தான். கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு வேண்டிய தட்டு, புனல் எல்லாம் அவன் கைவேலைதான். தேவானந்தம் வரைந்து கொண்டுபோன படத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு, "இன்னா சார், காருக்கு ஜலதோஷம் புடிக்கவைக்கப் போறியா?" என்று சிரித்தான்.

"என் வீட்டுக்காரிக்கு மூச்சு முடியல ரங்கா. புழுதிதான் காரணம்."

ரங்கன் சிரிப்பை நிறுத்தினான். "அதைச் சொல்லு மொதல்ல. அம்மாவுக்குன்னா நாளைக்கே செஞ்சு குடுத்துர்றேன்."

அடியில் மூன்று சொம்புத் தண்ணீர் கொள்ளும் தட்டு, அதில் பாதி முங்கியபடி வெட்டிவேர் சுற்றிய ஓர் உருளை, உருளையிலிருந்து காருக்குள் வரும் ஒரு கயிறு. உட்கார்ந்த இடத்திலிருந்தே பியூலா கயிற்றை இழுத்தால் உருளை ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி நனைந்துகொள்ளும். இடப்பக்க ஜன்னலில் பெட்டியை மாட்டிய முதல் நாள் அவள் முகத்தைச் சந்தின் அருகே வைத்துக் கண்களை மூடிக்கொண்டாள். ஜல்லி லாரிகள் போயின. வேட்டும் வெடித்தது. பள்ளிக்கூட வாசலில் வண்டி நின்ற பிறகும் அவள் கண்ணைத் திறக்கவில்லை. "ஏங்க, வந்துட்டோமா?" என்று, ஊருக்குப் புதிதாக வந்தவள் மாதிரிக் கேட்டாள். சாயங்காலம் அவன் தட்டைக் கழற்றிக் காட்டினான். தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. அடியில் விரற்கடை அளவு சேறு.

"இவ்வளவும் எனக்குள்ள போயிருக்கணும்," என்றாள் அவள். சாக்கடையில் அவன் அதைக் கொட்டி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஆகஸ்ட் முடிவதற்குள் நம்ப முடியாத அளவுக்குத் தேறிவிட்டாள். காருக்குள் மட்டுமில்லை, வகுப்பில் சாக்பீஸ் தூளிலும், வீட்டில் ஒட்டடை அடிக்கும்போதும் இழுப்பு வரவில்லை. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு மாத்திரையைக் குறைத்தார், பிறகு நிறுத்தினார். கோயில் பாடகர் குழுவை நடத்திய மெட்டில்டா டீச்சர் ஒரு நாள் வீட்டுக்கே வந்து அவளைப் பாடச் சொல்லி அழைத்துப்போனாள். கல்யாணத்துக்குப் பிறகு பியூலா பாடி தேவானந்தம் கேட்டதில்லை. முதல் ஞாயிறு அவள் குரல் பலிபீடத்துப் பக்கமிருந்து ஏறி வந்தபோது அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான். நாம் செய்தது, நம்முடைய தகரப் பெட்டி செய்தது என்று ஒரு பெருமிதம் அவனுக்கு இருக்கத்தான் செய்தது.

செப்டம்பர் இரண்டாம் வாரத்தில்தான் பெட்டியிலிருந்து அந்தச் சத்தம் வர ஆரம்பித்தது. மெல்லிய விசில். எங்கோ ஊசி முனை அளவு ஓட்டை விழுந்து காற்று நுழைகிறது என்று நினைத்து ரங்கனிடம் கொண்டுபோனான். ரங்கன் தட்டில் தண்ணீர் ஊற்றி விரலால் ஓரமெல்லாம் தடவிப் பார்த்தான். பிறகு பெட்டியின் மேல் காதை வைத்தான். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டான்.

"சார், வண்டி நின்னுகினுதானே கீது?"

"ஆமா."

"காத்தும் இல்ல. இலைகூட ஆடல. அப்புறம் இது இன்னாத்துக்கு மூச்சு வாங்குது?"

தேவானந்தம் தகரம் வெயிலில் விரிகிறது, வேர் காய்ந்து சுருங்குகிறது என்று ஏதோ சொன்னான். ரங்கன் கேட்டுக்கொண்டே கைகளைக் கந்தலில் துடைத்தான். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தான். "ஓட்டை கீட்டை ஒண்ணும் இல்ல சார். இதுல நான் ஈயம் வைக்கமாட்டேன். உசிரு கீற சாமான்ல நெருப்பு வைக்கிறது பாவம். எடுத்துகினு போயிடு."

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் தேவானந்தம் ஆய்வுக்கூடத்திலிருந்து ஸ்டாப்வாட்சைக் கொண்டுவந்து கார் ஷெட்டில் பெட்டியின் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். விசில் ஒரு நிமிஷத்துக்கு முப்பத்து நாலு. வெயில் இறங்கியதும் எடுத்துப் பார்த்தான், முப்பத்து நாலு. தட்டில் தண்ணீரைக் கூட்டினான், குறைத்தான், ஷெட்டின் கதவைச் சாத்தினான். எண்ணிக்கை மாறவில்லை. உள்ளே போகும் விசில், வெளியே வரும் நீண்ட கீச்சு. திடீரென்று பெட்டி தன் தகர உடம்பு அதிர மூன்று முறை வறட்டுத்தனமாக இருமியது. அவன் நோட்டை மடியில் கவிழ்த்து வைத்தான்.

காபி டம்ளரோடு பியூலா ஷெட் வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"எத்தனை?" என்றாள்.

"முப்பத்தி நாலு."

"அப்ப ரொம்ப மோசமில்ல. எனக்கு நாப்பது வரைக்கும் போகும்."

அவள் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னதுதான் அவனை அதிகம் பயப்படுத்தியது. "உனக்குத் தெரியுமா?"

"எட்டு வயசுலருந்து கேட்டுட்டிருக்கேன். என் சத்தம் எனக்குத் தெரியாதா? என்கிட்டருந்து போனது எங்கயாவது இருக்கணுமில்ல."

"கழட்டிப் பிரிச்சுப் போட்டுடலாம் பியூலா."

"பிரிச்சா அது எங்க போகும்? வெளியவா, இல்ல திரும்பி எனக்குள்ளவா?" அவள் டம்ளரை அவன் கையில் கொடுத்தாள். "உங்க பிசிக்ஸ்ல அதுக்கு ஒரு பதில் இருந்தா சொல்லுங்க, பிரிச்சிடலாம்."

பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. பொங்கலுக்கே கிணற்றில் வாளி தரை தட்டியது. பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு நடத்த தேவானந்தம் வேலூருக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டு நாள் வேலை. தட்டை விளிம்பு வரை நிரப்பிவிட்டுத்தான் போனான். மறுநாள் நாலு மணிக்குத் திரும்பி வந்தபோது வீடு திறந்து கிடந்தது. பியூலா கார் ஷெட்டில், காரின் கதவுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. வாய் திறந்திருந்தும் மெல்லிய விசில் தவிர உள்ளே எதுவும் போவதாகத் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு காலி வாளி உருண்டு கிடந்தது. தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வெட்டிவேர் துடைப்பம் போல விறைத்திருந்தது. பெட்டியிலிருந்து எந்தச் சத்தமும் இல்லை. அவன் உள்ளே ஓடிக் குடிக்க வைத்திருந்த மண்பானையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து தட்டில் கவிழ்த்தான். ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் கயிற்றை இழுத்தான். ஒரு சுற்று. இரண்டு. வேர் தண்ணீரைக் குடிக்கும் சத்தம் கேட்டது. நாலாவது சுற்றில் பியூலாவின் தொண்டையிலிருந்த விசில் பாதியில் அறுந்தது. அடுத்த மூச்சைப் பெட்டி இழுத்தது.

அவள் சுவரில் தலையைச் சாய்த்து, கண்ணீர் வழிய, சத்தமே இல்லாமல் மூச்சு விட்டாள். தேவானந்தம் கயிற்றை விடாமல் வெகுநேரம் நின்றான்.

அதற்குப் பிறகு அவன் வெளியூர் போகவில்லை. காலையில் கல்லூரிக்குப் போகும் முன்பும், வந்த பிறகும், சைக்கிளின் இரண்டு பக்கமும் குடங்களைக் கட்டிக்கொண்டு கடப்பேரி வரை போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். வீட்டில் குளிக்க இல்லாவிட்டாலும் தட்டு நிறைந்திருந்தது. காரை ஞாயிறு தவிர வேறு நாளில் எடுப்பதையும் நிறுத்தினார்கள். பியூலா பள்ளிக்கூடத்துக்கு ரயிலில் போனாள், புழுதிக்குள் நடந்தாள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெட்டிக்குத்தான் ஆனது. பிப்ரவரிக் கடைசியில் நிமிஷத்துக்கு நாற்பது. மார்ச்சில் நாற்பத்தாறு. இருமலுக்குப் பிறகு தட்டில் தண்ணீர் நடுங்குவது கண்ணுக்கே தெரிந்தது. எண்ணிக்கை எழுதிய நோட்டை அவன் அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தான். ஈரத் துண்டைப் பெட்டியின் மேல் போர்த்தினான். ஒரு சாயங்காலம் அந்தத் துண்டின் மேல் தன் உள்ளங்கை மேலிருந்து கீழாகப் போய் வந்துகொண்டிருப்பதை அவனே தாமதமாகத்தான் கவனித்தான்.

"என் முதுகைத்தான் அப்படித் தடவிக் குடுப்பீங்க," என்றாள் பியூலா பின்னாலிருந்து. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அதுக்கு ரொம்ப முடியலல்ல?" என்றாள்.

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல."

"நோட்டைப் பாத்துட்டேங்க."

அவர்கள் இருவரும் பெட்டியைப் பார்த்தபடி நின்றார்கள். இது நின்றால் என்ன ஆகும் என்ற கேள்வி இருவருக்கும் நடுவில் இருந்தது. வியாதியே முடிந்துபோகும் என்றும் சொல்லலாம். திரும்பி அவளுக்குள்ளேயே வரும் என்றும் சொல்லலாம். பியூலா குனிந்து, கயிற்றைப் பிடித்து, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே போனாள். சிறிது நேரத்தில் சமையலறையிலிருந்து அவள் பாட்டு கேட்டது, குருத்தோலை ஞாயிற்றுக்காகப் பழகிக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவன் காரை நடக்கிற வேகத்தில் ஓட்டினான். பெட்டி இழுத்த மூச்சுக்குக் காரின் கதவே அதிர்ந்தது. வெள்ளைச் சேலையில் இருந்த பியூலா வழி முழுக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கோயில் வளாகத்தில் தூங்குமூஞ்சி மரத்தடியில் வண்டியை நிறுத்தியதும் அவள் இறங்காமல் ஒரு நிமிஷம் இருந்தாள்.

"நீங்க உள்ள வரவேண்டாம். இதுகூட இருங்க. தனியா விட்டுடாதீங்க."

"பியூலா, இன்னைக்கு நீ பாடாட்டி என்ன? வீட்டுக்குப் போயிடலாம்."

"பாடணும்," என்றாள். "பாட முடியற வரைக்கும் பாடணும்." கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, சேலைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு போனாள்.

தேவானந்தம் இறங்கி, கொண்டுவந்திருந்த குடத்திலிருந்து தட்டில் சொம்பு சொம்பாக ஊற்றினான். பிறகு அவள் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். சந்தின் வழியாக வந்த காற்று அவன் கன்னத்தில் பட்டது. வெட்டிவேர் வாசனை போய்விட்டிருந்தது. காய்ச்சல்காரர் மூச்சு போலச் சூடாக, லேசான இனிப்போடு இருந்தது அது. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டு போனது. அவன் கயிற்றை இழுத்தான். வெளியே மணி அடித்தது. பவனி புறப்பட்டு, கோயிலைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. முன்னால் வெள்ளை அங்கியில் பாதிரி ஐயர், பின்னால் குருத்தோலை பிடித்த பிள்ளைகள், அதன் பின்னால் மெட்டில்டா டீச்சர் கையை வீசி வீசித் தாளம் காட்ட, பாடகர் குழு. ஓசன்னா என்ற சொல் நாற்பது ஐம்பது தொண்டைகளிலிருந்து ஒன்றாக எழுந்தது. கோயிலின் வளைவைத் தாண்டி அவர்கள் மரத்தை நோக்கித் திரும்பினார்கள்.

பெட்டி ஒரு மூச்சை உள்ளே இழுத்தது. நீளமாக, தகரம் ஒடுங்கும் அளவுக்கு. அது வெளியே வரவில்லை.

அவன் கயிற்றை இழுத்தான். உருளை சுற்றியது, தண்ணீர் சொட்டியது, அவ்வளவுதான். மறுபடி இழுத்தான். கயிறு கையோடு வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தபோது பவனி காருக்குப் பத்தடி தூரத்தில் வந்துவிட்டிருந்தது. மஞ்சள் ஓலைகள் ஒன்றின் மேல் ஒன்று மோதிச் சரசரத்தன. அவற்றின் நடுவில் பியூலாவின் முகம் அவன் பக்கம் திரும்பியிருந்தது. எல்லோருடைய வாயும் திறந்திருந்தது. அவள் வாயும் திறந்திருந்தது. அத்தனை குரல்களுக்குள் அவள் குரலைத் தேடியபடி, அறுந்த கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, அவன் காருக்குள் உட்கார்ந்திருந்தான். அவள் கையிலிருந்த ஓலை மட்டும், காற்றே இல்லாத அந்த வெயிலில், நுனியிலிருந்து அடிவரை நடுங்கிக்கொண்டிருந்தது.