தகுதியுள்ள நபர் எவரும் இல்லை

பொன்ராஜுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பதவியும் கிடையாது. பதவியெல்லாம் அவன் பெண்டாட்டி ராமுத்தாய்க்கு. பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஒரு அம்மாதான் தலைவியாக இருக்கவேண்டும் என்று சர்க்கார் விதி வைத்துவிட்டது. ஊர்க்காரர்கள் பார்த்தார்கள், பொம்பளை பேரை எழுதிவிட்டு ஆம்பளையை உட்கார வைத்தால் தீர்ந்தது சோலி என்று முடித்துவிட்டார்கள். அதனால் கூட்டத்தன்றைக்குத் தலைமையாசிரியை மணிமேகலைக்கு எதிரே கிடக்கிற நீல நாற்காலியில் காலை அகட்டி உட்காருகிறவன் பொன்ராஜ். தலைவி வாசற்படியோரம் நிற்பாள். நோட்டை நீட்டினால் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி வாசற்படிக்கே போய்விடுவாள்.

மணிமேகலைக்கு அவனைக் கண்டாலே குமட்டும். எட்டாவதோடு நின்றவன், முப்பது வருஷம் பாடம் நடத்தியவளுக்குப் பாடம் நடத்த வந்துவிடுவான். சேவுகம்பட்டிப் பக்கம் அரைக்காணி மல்லிகை வைத்திருக்கிற மனுசனுக்கு, கல்வித்துறையையே குத்தகைக்கு எடுத்த நினைப்பு. ஆனால் குமட்டினாலும் விழுங்கிக்கொள்வாள். ரிட்டையராக இன்னும் ரெண்டு வருஷம்தான் இருந்தது. போன தடவை அவனோடு மல்லுக்கு நின்றதற்கு அவள் மேல் மொட்டை மனு போயிருந்தது.

பள்ளிக்கூடத்தில் அறுபத்து நாலு பிள்ளைகள். மூன்று ஆசிரியர் இடம். மணிமேகலை ஒன்று, வீரலட்சுமி டீச்சர் ஒன்று. மூன்றாவது டீச்சர் ஜூன் மாதம் திண்டுக்கல்லுக்கு மாறுதல் வாங்கிப் போனதிலிருந்து ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஒரே அறையில் ஆளில்லாமல் கிடந்தன. மணிமேகலை செல்போனில் வருகைப் பதிவு ஏற்றுகிற நேரம் போக, எட்டிப் பார்த்து அதட்டிவிட்டு வருவாள். ரெண்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தன் பேர் எழுத வரவில்லை. அதில் பொன்ராஜின் மகள் கௌசல்யாவும் சேர்த்தி.

இந்த நிலையில்தான் கல்வி ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது. மேலாண்மைக் குழுவே தற்காலிக ஆசிரியர் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். டீச்சர் ட்ரெய்னிங் முடித்திருக்க வேண்டும், டெட் தேர்வு பாஸ் பண்ணியிருக்க வேண்டும், உள்ளூர் ஆளுக்கு முதல் இடம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குள் பேர் போகாவிட்டால் அந்த இடம் வேறு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும்.

"ஆம்பள வாத்தியாரா பாருங்க டீச்சர்," என்றான் பொன்ராஜ். "ஏற்கெனவே ரெண்டு பொம்பள இருக்கீக. மூணாவதும் பொம்பளைன்னா இது பள்ளிக்கூடமா, வளையக்கடையா? பயலுகளுக்கு ஒரு பயம் வேணாமா?"

சில வருஷத்துக்கு முன்னால் இங்கே இருந்த ஆம்பளை வாத்தியார் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் கண் முழித்து இருந்ததை மணிமேகலை பார்த்ததே இல்லை. பிள்ளைகளுக்கு அவரிடம் ஒரே ஒரு பயம்தான், குறட்டை நின்றுவிடுமோ என்று. இதையெல்லாம் பொன்ராஜிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று செல்போனை எடுத்து வருகைப் பதிவை ஏற்ற ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை வத்தலக்குண்டிலிருந்து மாலதி என்கிற பெண் ஃபைலோடு வந்தாள். எல்லாத் தகுதியும் இருந்தது. பொன்ராஜ் அவள் கழுத்துத் தாலிக்கயிற்றைப் பார்த்தான், மஞ்சள் இன்னும் மங்கவில்லை. "கல்யாணமாகி ஆறு மாசம்கூட ஆகல. நாளைக்கே லீவு கேக்கும். வேணாம்," என்று அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டே சொன்னான். புதன்கிழமை அவள் வேறு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள்.

வியாழக்கிழமை தன் அக்கா மகன் விக்னேஷ்குமாரைக் கூட்டிவந்தான். மெக்கானிக்கல் எஞ்சினியர். அந்தப் பையன் பைக்கை நேரே கொடிக்கம்பத்தடியில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"டீச்சர் ட்ரெய்னிங் படிச்சிருக்கியாப்பா?" என்று கேட்டாள் மணிமேகலை.

"இல்ல மேம். ஆனா ஹேண்டில் பண்ணிருவேன்."

"டெட்?"

"அத அப்பறம் எழுதிக்கலாம் மேம்."

"எஞ்சினியருக்கு ஒண்ணாங்கிளாஸ் ஒரு விசயமா?" என்றான் பொன்ராஜ். அடேயப்பா, மாமனும் மருமகனும் நிமிர்ந்து உட்கார்ந்த தோரணையைப் பார்க்கவேண்டுமே. இவன் பேரை ஏற்றினால் கம்ப்யூட்டரே துப்பிவிடும் என்று புரியவைத்து அனுப்புவதற்குள் மணிமேகலைக்குத் தலைவலி வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குக் கூட்டம். குழுவிலிருந்த நாலு அம்மாக்கள் வராண்டாவில் உட்கார்ந்திருந்தார்கள். பொன்ராஜ் நாற்காலியில் இருந்தான்.

"ஆம்பள கெடைக்கலேன்னா காலியாவே கெடக்கட்டும். கண்டதுகளையும் கூட்டியாந்து உக்கார வைக்க முடியாது. அப்படியே எழுதுங்க."

அப்படியே எழுத முடியாது, காரணம் வேண்டும். மணிமேகலை தீர்மான நோட்டை எடுத்தாள். மொட்டை மனு ஒரு பக்கம், ஒன்றாம் வகுப்பு இரைச்சல் ஒரு பக்கம். கடைசியில் தன் கையாலேயே எழுதினாள்: 'எங்கள் ஊரில் உரிய தகுதியுள்ள நபர் எவரும் இல்லை. எனவே இப்பணியிடம் வேண்டாம் எனத் தீர்மானிக்கப்படுகிறது.'

எழுதி முடிக்கும்போதுதான் இரைச்சல் நின்றுபோயிருந்தது தெரிந்தது. சத்துணவு ஆயா போய் அதட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, "ராமுத்தாயி, இந்தா வா, கையெழுத்துப் போடு," என்று கூப்பிட்டாள்.

ராமுத்தாய் வாசற்படியில் இல்லை. ஒன்றாம் வகுப்பு அறையிலிருந்து வந்தாள். மணிமேகலை வழக்கம்போல் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். பேனாவை வாங்கிய விரல்களில் சாக்பீஸ் தூள் அப்பியிருந்தது.

பேனா இறங்கவில்லை. அவள் கண் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் போய் வந்தது. பேனாவை மூடி நோட்டு மேல் வைத்தாள்.

"இது பொய் டீச்சர்," என்றாள்.

பூ விற்கப் போகையில் கொண்டுபோகிற மஞ்சப்பை தோளில் கிடந்தது; அதிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து மேசையில் வைத்தாள். டீச்சர் ட்ரெய்னிங் சான்றிதழ், முதல் வகுப்பு. டெட் சான்றிதழ், இரண்டாயிரத்துப் பதின்மூன்று, தொண்ணூற்றெட்டு மார்க். "திங்கக்கிழமையிலேருந்து தூக்கிக்கிட்டு அலையிறேன்," என்றாள்.

"ஏ, அந்தக் காயிதத்த எதுக்கு இங்கன கொண்டாந்த?" என்றான் பொன்ராஜ். இதில் அவனுக்குப் புதுசாக ஒன்றுமில்லை என்பதுதான் கொடுமை. தெரிந்தேதான் வாரம் பூராவும் எஞ்சினியரைத் தேடியிருக்கிறான். "நீ இங்க வந்து உக்காந்துக்கிட்டா பூ யாரு பறிக்கிறது?"

"விடியங்காட்டியும் பறிச்சுட்டு ஒம்போது மணிக்கு வருவேன். பத்தலைன்னா நீங்களும் பறிங்க. உங்களுக்கும் ரெண்டு கை இருக்குல்ல."

வராண்டாவில் யாரோ சிரித்தார்கள். மணிமேகலை தான் எழுதிய வரிகளைக் குறுக்கே அடித்தாள். மணி மூன்று ஐம்பது. "இவங்களத் தற்காலிக ஆசிரியரா எடுக்கிறதுக்குச் சம்மதம்னா கையத் தூக்குங்க," என்றாள். நாலு அம்மாக்களும் தூக்கினார்கள். ஒருத்தியும் பொன்ராஜ் முகத்தைப் பார்க்கவில்லை. சம்பளத்துக்கு வருகிறவள் தலைவியாக இருக்கக்கூடாது என்பதால், ராமுத்தாய் தலைவி பொறுப்பிலிருந்து விலகுவதாக ரெண்டு வரி எழுதிக் கொடுத்தாள்.

"அப்ப தலைவர் யாரு?" என்றான் பொன்ராஜ்.

"வேற ஒரு அம்மா வருவாக. நீங்க எந்திரிங்க, டீச்சர் நின்னுக்கிட்டு இருக்காக," என்று ராமுத்தாயைக் காட்டினாள் மணிமேகலை.

அவன் எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு போனான். கௌசல்யா பின்னாலேயே ஓடி, "அப்பா, என் பேர்ல மொத எழுத்து எழுதிட்டேன்," என்று சிலேட்டைக் காட்டினாள். அதையாவது வாங்கிப் பார்த்தானா என்றால் அதுவும் இல்லை.

மணிமேகலை செல்போனில் விவரங்களை ஏற்றினாள். பாலினம்: பெண். நாலு மணிக்கு ரெண்டு நிமிஷம் இருக்கையில் போய்ச் சேர்ந்துவிட்டது. அப்புறம்தான் மூச்சு விட்டு, "ஏம்மா, இத்தன நாளா ஒரு வார்த்த சொல்லப்படாதா?" என்று கேட்டாள்.

"ரெண்டு வருசமா எங்க கையெழுத்துப் போடணும்னு விரல வச்சுக் காட்டுனீக டீச்சர்," என்றாள் ராமுத்தாய். "என்ன படிச்சிருக்கேன்னு ஒருநாள்கூடக் கேக்கலியே."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் பிள்ளைகளைப் பார்க்கப் போய்விட்டாள்.

மணிமேகலை நோட்டைப் பின்னாலிருந்து புரட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் ராமுத்தாய் கையெழுத்து, கரும்பலகையில் எழுதிப் பழகிய கைக்கே வருகிற உருண்டையான, நெளியாத எழுத்து. முப்பது வருஷ சர்வீஸ், ஒரு டீச்சர் கையெழுத்தைப் பார்த்தால் தெரியவேண்டாமா? பொன்ராஜைப் பார்த்தால் வருகிற அதே குமட்டல் வந்தது. எதிரே நாற்காலி காலியாகத்தான் கிடந்தது.