வருவார், திட்டுவார்

என் வீட்டுக்காரர் இறந்து மாதங்கள் ஆகியும் எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கல்லு மாதிரி இருக்கிறாளே என்று சொந்தக்காரர்கள் என் காதுபடவே பேசினார்கள். நாத்தனார்தான் பொறுக்கமாட்டாமல் என்னை ஒரு எழுத்துக் குழுவில் சேர்த்துவிட்டாள். தினமும் காலையில் கைபேசிக்கு ஒரு சொல் வரும். அதை வைத்து ஒரு பழைய நினைவை எழுதிப் போட வேண்டும். ஒரு நாளும் விடக்கூடாதாம்.

"எதையாவது கொட்டுங்க அண்ணி. மனசு லேசாகும்."

கனமாக இருந்தால்தானே லேசாவதற்கு. உள்ளே ஒன்றுமே இல்லை. வேண்டாம் என்று வாதாடச் சோம்பலாக இருந்தது, அதனால் சேர்ந்தேன். எனக்குப் பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன் வேலை. அங்கே வருகிறவர்கள் வாயைத் திறக்கவே யோசிப்பார்கள். எழுத வசதியான இடம்.

முதல் சொல் 'சத்தம்'. அவர் லிஃப்ட் மெக்கானிக். எழுதினேன்: 'என் வீட்டுக்காரர் எந்த லிஃப்ட்டில் ஏறினாலும் சுவரில் காதை வைப்பார். "லிஃப்ட்டா, மாவு மிஷினா?" என்று முன்பின் தெரியாதவர்கள் முன்னால் திட்டுவார். வேலை முடிந்து வந்து, கிரீஸ் கையோடு ஃப்ரிட்ஜைத் திறப்பார். நான் கத்துவேன். காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.'

சிரிப்புப் படங்களாக வந்து விழுந்தன. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

உப்பு என்று சொல் வந்தது, மழை என்று வந்தது. எது வந்தாலும் அவரைத்தான் எழுதினேன். வேறு சரக்கு என்னிடம் இல்லை. ருசி பார்க்காமலே உப்பைப் போட்டுக்கொள்வார், மழை நின்றதும் குடையைத் தொலைப்பார். "அண்ணன் இன்னிக்கு என்ன பண்ணாரு?" என்று விடிந்ததும் விசாரிக்க ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். யாரையும் லேசில் பாராட்டாத ஒரு ரிட்டயர்டு பஸ் டிரைவர்கூட 'ம், நல்லா இருக்கு' என்று போட்டார்.

பிறகு ஒருநாள், குழுவை நடத்தும் டீச்சர் எழுதினார்: "பயிற்சி முடியற கடைசி நாள் எல்லாரும் நேர்ல சந்திக்கிறோம். உங்க வீட்டுக்காரரைக் கட்டாயம் கூட்டிட்டு வாங்க. பாதிப் பேர் அவரைப் பாக்கத்தான் வர்றாங்க."

அப்போதுதான் நான் எழுதியதையெல்லாம் திரும்பப் படித்தேன். வைப்பார், திட்டுவார், திறப்பார். நான் பொய் சொல்லவில்லை. பழைய பழக்கத்தைச் சொன்னாலும் 'வருவார்', நாளைக்கு வரப்போனாலும் 'வருவார்'. தமிழ் அப்படி. அவர் இன்னும் இருக்கிறார் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அதே குழுவில் இருந்த நாத்தனார் உடனே போன் செய்தாள்.

"அண்ணி, அவங்க யாருக்கும் தெரியாதா?"

"யாரும் கேக்கலை."

"நான் சொல்லிடட்டுமா?"

"வேணாம். நானே பாத்துக்கறேன்."

"அண்ணன் வருவாருன்னு காத்துட்டு இருப்பாங்களே..." என்றவள் உடைந்து அழுதாள். போனைக் காதிலேயே வைத்திருந்தேன். அவள் அழுவதைக் கேட்கப் பொறாமையாக இருந்தது.

சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். சொந்தக்காரர்கள் என்னைக் கண்டதும் பேச்சை மாற்றுகிறார்கள், அவரைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. அந்தக் குழு ஒன்றில்தான் அவர் இன்னும் நடமாடிக்கொண்டிருந்தார். அங்கேயும் என் கையாலேயே அவரைச் சாகடிக்க வேண்டும்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து, 'அவர் வர மாட்டார். இறந்துவிட்டார்' என்று எழுதி அனுப்பினேன்.

கைகூப்பும் படங்கள் வரிசைகட்டின. ஆழ்ந்த இரங்கல், ஆழ்ந்த இரங்கல். டீச்சர் மன்னிப்புக் கேட்டார். பிறகு குழு கப்சிப். அவ்வளவுதான், முடிந்தது என்று கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதிர்ந்தது. பஸ் டிரைவர்.

"ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன்மா. லிஃப்ட் பாதியில நின்னு ஆள் உள்ள மாட்டிக்கிட்டா, உங்க வீட்டுக்காரர் என்ன பண்ணுவாரு?"

பண்ணுவாரு. தெரிந்த பிறகும் அப்படித்தான் கேட்டிருந்தார்.

எழுத்து கலங்கி மறைந்தது. மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் ஒழுக ஆரம்பித்தது, நிறுத்த முடியவில்லை. காத்திருந்த ஒருவர் எழுந்து வந்து, "உங்களுக்கும் பல்லா மேடம்?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு டிரைவருக்குப் பதில் எழுதினேன்.

'உடனே எதிலும் கைவைக்க மாட்டார். முதலில் வெளியே நின்று, உள்ளே இருப்பவரிடம் பேச்சுக் கொடுப்பார்.'